பன்னிரண்டாவது ஜாடி

மார்ச் 4, செவ்வாய்

முப்பத்திரண்டாவது விஞ்ஞானியை இன்று மதியம் மூன்று மணிக்குச் சாகடித்தேன். "தம் பணி முடிந்த நிறைவோடு அமைதியாகக் கண்மூடினார்." என் புத்தகங்களில் எல்லோரும் அமைதியாகத்தான் கண்மூடுவார்கள். ஒருவர்கூட இருமியதில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கான வரிசை இது. இருபதாம் நூற்றாண்டின் அறிவியல் மேதைகள், ஆளுக்கு அறுபத்து நான்கு பக்கம். பழைய விழா மலர்கள், ஆண்டுப் புத்தகங்கள், பிறர் எழுதிய வாழ்க்கை வரலாறுகள் என்று இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் கிள்ளி எடுத்து எழுதுவேன். பதினான்கு வருடமாகிறது. இன்றுவரை ஒரு விஞ்ஞானியைக்கூட நேரில் பார்த்ததில்லை. கல்யாணமே ஆகாத தரகர் மாதிரி என் பிழைப்பு.

இந்தத் தடவை வண்டு டாக்டர். தானியக் கிடங்குகளைச் சல்லடையாக்கும் வண்டுகளை ஒரு வெள்ளைப் பூஞ்சையால் ஒழித்த அம்மையார். அந்தப் பூஞ்சைப் பொடி இன்று எத்தனையோ நாட்டுக் கிடங்குகளில் இருக்கிறது. அவரைப் பற்றி என்னிடம் இருந்தது ஒரு விழா மலரும் ஒரு ஆண்டுப் புத்தகமும் மட்டும். மீதி என் கைச்சரக்கு.

மனைவி எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். மூன்றாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, "இவங்களும் தெருவிளக்குலதான் படிச்சாங்களா?" என்று கேட்டாள்.

"ஏழ்மையான குடும்பம்."

"உங்க முப்பத்திரண்டு பேரும் தெருவிளக்குலதான் படிச்சிருக்காங்க. அந்தத் தெருவுல நடக்க இடம் இருந்திருக்காதே."

வாத்தியாரம்மாவிடம் வாய் கொடுத்து மீண்டவர் யார்?

மார்ச் 6, வியாழன்

முதலாளி அட்டையை அச்சுக்கு அனுப்பிவிட்டார். பிறந்த வருடம், இறந்த வருடம், நடுவில் ஒரு கோடு. படங்களுக்கு அனுமதி கேட்டு மெய்ப்புப் பிரதி அவர் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்துக்குப் போயிருக்கிறது.

மார்ச் 12, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு அலுவலகத் தொலைபேசி அடித்தது. வயதான குரல், ஆனால் கணீரென்று இருந்தது.

"அறிவியல் மேதைகள் எழுதறவரா?"

"ஆமாங்க."

"நான் வண்டு டாக்டர் பேசறேன்."

"எந்த வண்டு டாக்டர்?"

"எத்தனை பேர வச்சிருக்கீங்க?"

அந்த அம்மா நிதானமாகச் சொன்னார்: "நிலையத்துலேருந்து உங்க பிரதிய எனக்கு அனுப்பினாங்க. படமெல்லாம் என்னோடது, அனுமதி நான்தான் தரணுமாம். அறுபத்திரண்டாம் பக்கத்துல நான் செத்துட்டேன். சரி, வயசு எண்பத்தொம்பது, அது பெரிய தப்பில்ல. ஆனா எந்த வியாதின்னு போடலையே. தெரிஞ்சா கொஞ்சம் ஜாக்கிரதையா இருப்பேன்."

நான் என்னென்னவோ உளறினேன். ஆண்டுப் புத்தகத்தில் அதே பெயரில் வேறு யாரோ, அச்சுப் பிழை, மன்னிக்கணும்...

"சனிக்கிழமை வீட்டுக்கு வாங்க. சிவப்பு மையில திருத்தி வச்சிருக்கேன். மை தீர்ந்து போச்சு, வரும்போது ஒரு பேனாவும் வாங்கிட்டு வாங்க."

மார்ச் 13, வியாழன்

முதலாளியிடம் சொன்னேன். அட்டை மொத்தமும் அச்சாகிவிட்டதாம். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "உடம்பு எப்படி இருக்காம் அவங்களுக்கு?" என்று விசாரித்தார்.

"நல்லா இருக்காங்க சார். கணீர்னு பேசறாங்க."

"அப்படியா..." என்றார். அவ்வளவு வருத்தமான "அப்படியா"வை நான் கேட்டதில்லை.

மார்ச் 15, சனி

பேனா வாங்கிக்கொண்டு போனேன். மாடி வீடு, இரண்டு அறை. உள்ளே நுழைந்ததும் மேஜை எது, தரை எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. காகிதம், காகிதத்தின் மேல் கண்ணாடி, கண்ணாடியின் மேல் காகிதம். நாற்காலியிலிருந்து டாக்டர் ஒரு காகிதக் கட்டை எடுத்து இன்னொரு கட்டின் மேல் வைத்து, "உக்காருங்க தம்பி" என்றார். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கடைசியாக யார் தம்பி என்றார்கள் என்று நினைவில்லை.

என் பிரதி ரத்தக்களறியாக இருந்தது.

"தெருவிளக்கா?" என்றார். "எங்கப்பா மின்சார ஆபீஸ்ல வேலை பார்த்தாரு. எங்க வீட்ல எட்டு விளக்கு. தெருவுல உள்ளவங்க எங்க வீட்டுக்கு வந்து படிச்சாங்க."

குறித்துக்கொண்டேன்.

"'சிறு வயதிலேயே வண்டுகளின் மேல் தீராக் காதல் கொண்டார்.' எனக்கு வண்டுன்னாலே அருவருப்பு. இப்பவும்தான். மத்த பிரிவுல இடமில்ல, இதுல போட்டாங்க. பிடிக்காததாலதான் ஒழிக்கணும்னு தோணிச்சு."

அதையும் குறித்துக்கொண்டேன். பிறகு நான்காம் அத்தியாயம். கண்டுபிடிப்பு. "மூன்றாண்டுகள் அல்லும் பகலும் அயராது ஆராய்ந்து" என்று எழுதியிருந்தேன். அதைப் பக்கம் முழுக்கக் குறுக்கே அடித்திருந்தார்.

"இதச் சொல்லத்தான் உங்களக் கூப்பிட்டேன். அது என் கண்டுபிடிப்பே இல்ல தம்பி. ஒரு கழுவாத ஜாடியோடது."

பன்னிரண்டு கண்ணாடி ஜாடி. ஒவ்வொன்றிலும் தானியம் போட்டு வண்டு வளர்ப்பார்கள். சனிக்கிழமை தோறும் கொட்டிவிட்டு வெந்நீரில் ஜாடிகளைக் கழுவ வேண்டும். கழுவுவதற்கென்று ஒரு பெண் இருந்தாள், இருபத்தோரு வயது. அவள் கழுவினால் ஜாடி இருப்பதே கண்ணுக்குத் தெரியாதாம். பளிச்சம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்டவள் ஒரு தடவை ஒரே ஒரு ஜாடியை விட்டுவிட்டாள். மூன்று வாரம் கழித்து டாக்டர் பார்த்தால் உள்ளே வெள்ளையாகப் பூஞ்சை, வண்டு ஒன்றுகூட உயிரோடில்லை.

"ஆனைக்கும் அடி சறுக்கும். அவளுக்குச் சறுக்கின அடிதான் இத்தனை கிடங்கையும் காப்பாத்திச்சு. என் ஆராய்ச்சிக் கட்டுரையிலயும் அத ஒளிக்காம எழுதினேன். பணி ஓய்வு விழாவுல மேடையிலயே சொன்னேன், 'இந்த விருது கழுவ மறந்த ஒரு பெண்ணுக்குச் சேரும்'னு. கைதட்டல் அடங்கவே இல்ல. உங்க புத்தகத்துல அவ பேர் வரணும். வராம நான் சாக மாட்டேன்."

பளிச்சம்மா இப்போது எங்கே என்று கேட்டேன். முகம் வாடிவிட்டது. "முப்பத்தொரு வருஷமா என்கூடப் பேசல. விழாவுக்கு மறுநாளே வேற பிரிவுக்கு மாத்தல் கேட்டு எழுதிக் கொடுத்துட்டா. இருபத்தாறு வருஷம் ஒண்ணா டீ குடிச்சவ. ஏன்னு இன்னிவரைக்கும் தெரியல."

எனக்கும் தெரியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

மனைவியிடம் சொன்னேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டாள். "ஆயிரம் பேர் இருக்கிற சபையில 'இவ கழுவ மறந்தவ'ன்னு சொன்னா கோபம் வராதா? அதுவும் பேரே பளிச்சம்மான்னு இருக்கிறவளுக்கு?"

"பெருமைக்குத்தானே சொன்னாங்க?"

"யாருக்குப் பெருமை?" ஒரு தாளில் பெரிய தப்புக்குறி போட்டாள். அது எனக்கா, மாணவனுக்கா, தெரியவில்லை. பிறகு, "அவ கழுவலன்னு பார்த்தவங்க யாரு?" என்றும் கேட்டாள்.

மார்ச் 20, வியாழன்

நிலையத்தின் ஓய்வூதியப் பிரிவில் விசாரித்து பளிச்சம்மாவைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்கப் பெரிய துப்பு எதுவும் வேண்டியிருக்கவில்லை. கடைவீதியில் சலவைக்கடை. பலகையில் ஆளுயர எழுத்தில் ஒரே ஒரு சொல்: பளிச்.

மருமகள் கல்லாவில், மகன் இஸ்திரி மேஜையில், அம்மா நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வருகிற துணியை எல்லாம் வெளிச்சத்தில் தூக்கிக் கறை பார்க்கிறார். எழுபத்தெட்டு வயது. என்னை உள்ளே விடும் முன்பே என் சட்டைக் காலரைப் பார்த்து முகம் சுளித்தார்.

வண்டு டாக்டர் வாழ்க்கை வரலாறு என்று ஆரம்பித்தேன். கடையில் இஸ்திரிப் பெட்டி நின்றது.

"எழுதுங்க. எனக்கென்ன," என்றார்.

"அதுல உங்க பேரும் வரணும்னு டாக்டரம்மா ஆசைப்படறாங்க."

"என்னன்னு வரும்?"

சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"நான் கழுவாதவளா? தம்பி, இது சலவைக்கடை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க படிக்கிற புத்தகத்துல நான் கழுவ மாட்டேன்னு போட்டா எந்த மகராசன் இங்க துணி போடுவான்? என் பேத்தி அத வகுப்புல எழுந்து நின்னு படிக்கணுமா?"

"தற்செயலா நடந்ததுதானே, அதுல..."

"நடக்கவே இல்ல!" நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அன்னிக்கு விழாவுக்குப் புதுத் துணி எடுத்துப் போட்டுக்கிட்டு, ரெண்டு பிள்ளைங்களயும் கூட்டிக்கிட்டு மூணாவது வரிசையில உக்காந்திருந்தேன். டாக்டரம்மா என்னைப் பத்தி ஏதோ சொல்லப் போறாங்கன்னு பிள்ளைங்க கைய இறுக்கிப் பிடிச்சிருந்தேன். சொன்னாங்க. சபையே சிரிச்சுது. பெரிய அதிகாரி மைக்க வாங்கி, 'இனிமே யாரும் எதையும் கழுவாதீங்க, விருது கிடைக்கும்'னாரு. அடுத்த நாள்லேருந்து ஆபீஸ்ல 'பளிச்சம்மா'ன்னு கூப்பிட்டாலே கூட ஒரு சிரிப்பு வரும். அதான் அந்தப் பேரையே எழுதிப் பலகை மாட்டினேன். சிரிக்கட்டும் இப்ப."

யாரும் சிரிக்கவில்லை. மருமகள் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "நான் எழுதினது எல்லாம் கழுவுமிட நோட்டுல இருக்கு. எத்தனை ஜாடி வந்துது, எத்தனை கழுவினேன், தேதி போட்டு. போய்ப் பாருங்க. பார்த்துட்டு வந்து பேசுங்க. அந்தச் சட்டைய இங்கயே கழட்டிக் கொடுத்துட்டுப் போனாலும் சரி."

மார்ச் 21, வெள்ளி

சட்டையைக் கொடுக்கவில்லை. கொடுத்திருக்கலாம்.

மார்ச் 26, புதன்

நிலையத்தின் பழைய பொருள் அறை. சாவி வைத்திருக்கும் ஸ்டோர்க்காரருக்கு நான் தேடுவது என்னவென்று புரியவே கால் மணி நேரம் ஆனது.

"டாக்டரம்மா ஆராய்ச்சி நோட்டெல்லாம் கண்ணாடிப் பெட்டில இருக்கே சார்."

"அது வேண்டாம். ஜாடி கழுவின நோட்டு."

"அத யாரு சார் வச்சிருப்பா?" என்றவர், வைத்திருந்தார். வைக்கவேண்டும் என்று வைக்கவில்லை. ஆட்டம் கண்ட ஓர் அலமாரியின் காலுக்கடியில் நான்கு நோட்டு முட்டுக்கொடுத்திருந்தது. அலமாரியை இரண்டு பேருமாகத் தூக்கினோம். என் முதுகில் ஏதோ 'களுக்' என்றது.

மூன்றாவது நோட்டில் அந்த வருடம். நீல மை, உருண்டையான எழுத்து, கோடு போட்டது போல. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே வரி: "12 வந்தது. 12 கழுவியது." கீழே கையெழுத்து. பக்கம் பக்கமாக. எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டது. பிறகு, மழை மாதத்தில்:

"11 வந்தது. 11 கழுவியது. 1 டாக்டரம்மா அறையில், ஜன்னலுக்கு முட்டு. கேட்டதற்கு, எடுத்தால் ஜன்னல் அடிக்கும், அப்புறம் என்றார்."

அடுத்த சனி:

"11 வந்தது. 11 கழுவியது. 1 ஜன்னலில். உள்ளே சாரல் படுகிறது என்று சொன்னேன். அப்புறம் என்றார்."

அதற்கடுத்த சனி:

"11 வந்தது. 11 கழுவியது. கேட்டதற்கு, நீ போ என்றார்."

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார வேண்டிய அவசியம் முதுகுக்கும் இருந்தது. சாரல் பட்டு ஈரம், ஈரத்தில் பூஞ்சை, பூஞ்சையில் வண்டுகளின் சாவு. எல்லாம் மூன்று வரியில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே யாரும் மறைக்கவே இல்லை. யாரும் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 27, வியாழன்

முதுகுவலி. படுக்கை. மனைவி ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "ஆராய்ச்சின்னா சும்மாவா?" என்றாள். முதல் தடவையாக என் வேலையை அவள் அந்தச் சொல்லால் குறிப்பிட்டிருக்கிறாள். வலி பாதி குறைந்தது.

மார்ச் 29, சனி

சொல்வதா, வேண்டாமா?

எண்பத்தொன்பது வயது. அந்த அம்மாவுக்கு இருக்கிற ஒரே பெருமை, தான் பெருமை அடித்துக்கொள்ளவில்லை என்பது. அதையும் நான் போய்ப் பிடுங்க வேண்டுமா? தெருவிளக்கைப் போல இதையும் விட்டுவிடலாமே. முப்பத்தொரு புத்தகத்தில் உறுத்தாத மனசாட்சிக்கு இப்போது என்ன வந்தது?

மனைவி சொன்னது: "அங்க ஒரு அம்மா வர்ற துணியெல்லாம் வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துட்டு உக்காந்திருக்காங்க. அவங்களுக்கும் எழுபத்தெட்டு வயசு."

மார்ச் 31, திங்கள்

சொல்லிவிட்டேன்.

நோட்டின் படங்களை எடுத்துக்கொண்டு போய், சலவைக்கடையில் கேட்டதையும் சொன்னேன். டாக்டர் பூதக்கண்ணாடி வைத்து மூன்று வரியையும் படித்தார். திரும்பப் படித்தார். "மை பின்னாடி எழுதினதா இருக்கலாம்," என்றார். முந்தின பக்கத்தையும் பிந்தின பக்கத்தையும் கேட்டார். ஒப்பிட்டார். "தேதி இடைச்செருகலா இருக்கலாம்," என்றார். நாட்காட்டி கேட்டார். சரிபார்த்தார். தன் கட்டுரையை யாரோ எதிராளி மறுத்ததுபோல ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தார்.

கடைசியில் பூதக்கண்ணாடியை வைத்தார். எதன் மேல் வைத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"அந்த ஜன்னல் கொக்கி உடைஞ்சிருந்துது," என்றார். "ஆமா. படபடன்னு அடிக்கும். எனக்கு அன்னிக்கு... என்னமோ எழுதிட்டிருந்தேன். யாரோ வந்து வந்து ஏதோ கேட்டாங்க. அப்புறம், அப்புறம்னேன்."

டாக்டர் படங்களை என் பக்கம் திருப்பித் தள்ளினார்.

"மூணு மாசம் கழிச்சுக் கட்டுரை எழுதறப்ப, ஜாடி ஏன் கழுவாம இருந்துதுன்னு யோசிச்சேன். கழுவறது அவ வேலை. அதனால அவ மறந்திருப்பான்னு எழுதினேன். சோதிச்சுப் பார்க்காம எழுதின ஒரே வரி தம்பி அது. ஒரே வரி." குரல் உடைந்தது. "அதப் போய் மேடையில நன்றின்னு சொன்னேனே. அவ பிள்ளைங்க எதிர்ல."

நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குவளையைக் கண்டுபிடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது. குடித்துவிட்டுக் கேட்டார்: "கடை எத்தனை மணிக்குத் திறக்கும்?"

ஏப்ரல் 1, செவ்வாய்

டாக்டர் மூன்று முறை தொலைபேசினார். முதலில், போகலாம் என்றார். பிறகு, வேண்டாம் என்றார். மூன்றாவதாக, "அவ கடையில உக்கார இடம் இருக்குமா?" என்றார்.

ஏப்ரல் 3, வியாழன்

வாடகைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்க என்ன சொல்லப்போகிறார் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். நான்கு பத்தி இருந்தது. நடுவில் ஒரு அடிக்குறிப்புகூட.

கடையில் கூட்டம். டாக்டர் வரிசையில் நின்றார். முன்னால் போகலாம் என்றேன், கேட்கவில்லை. கல்லாவுக்கு வந்ததும் மருமகள் நிமிர்ந்து பார்க்காமலே, "துணி எங்கம்மா?" என்றாள். டாக்டர் திருதிருவென்று விழித்தார். நான்கு பத்தியும் போன இடம் தெரியவில்லை. சட்டென்று போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

ஸ்வெட்டர் கைக்குக் கை மாறி நாற்காலிக்குப் போனது. பளிச்சம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இடது கையருகே ஒரு கறை.

"இது சிவப்பு மை," என்றார், ஸ்வெட்டரைப் பார்த்தபடியே. "ஒரு பேனாவ மூடி போட்டு வைக்கத் தெரியாது இவங்களுக்கு. அன்னிக்கும் தெரியாது."

அதற்கப்புறம்தான் முகத்தைப் பார்த்தார்.

"ஜாடிய நான்தான் ஜன்னல்ல வச்சேன்," என்றார் டாக்டர்.

"தெரியும்."

"நீ வந்து மூணு தடவ கேட்டிருக்க."

"தெரியும்."

"அப்ப ஏன்டி சொல்லல இத்தனை வருஷமா?"

"நோட்டுல எழுதி வச்சேனே," என்றார் பளிச்சம்மா. "விஞ்ஞானிங்க நோட்டு படிப்பாங்கன்னு நெனச்சேன்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் அழுகையாக மாறி, மறுபடி சிரிப்பாகவே திரும்பியது. வரிசையில் நின்றவர்கள் துணி மூட்டையோடு வேடிக்கை பார்த்தார்கள். டாக்டர் அவர்கள் பக்கம் திரும்பி, வகுப்பெடுப்பது போலச் சத்தமாக, "இந்தம்மா ஒரு ஜாடியும் கழுவாம விட்டதில்ல. விட்டது நான். எல்லாரும் கேட்டுக்குங்க," என்றார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஒருவர் மட்டும் மரியாதைக்குத் தலையாட்டினார்.

பளிச்சம்மா எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் துணியால் ஒரு தடவை துடைத்து இந்தப் பக்கம் தள்ளினார். "உக்காருங்க. நின்னா கால் வீங்கும் உங்களுக்கு."

நான் வெளியே வந்து நின்றுகொண்டேன். கண்ணில் தூசி. கடைவீதி இல்லையா.

ஏப்ரல் 8, செவ்வாய்

நான்காம் அத்தியாயத்தைப் புதிதாக எழுதி முதலாளியிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"பிள்ளைங்க புத்தகம் சார் இது. ஜன்னலுக்கு ஜாடிய முட்டுக் கொடுத்துட்டு மூணு வாரம் மறந்துட்டாங்கன்னு போட்டா, நாளைக்கு எந்தப் பிள்ளை மேஜைய ஒழுங்கா வைக்கும்? பழையதே இருக்கட்டும். அல்லும் பகலும் அயராது. நல்லாத்தானே இருந்துது?"

"அது பொய் சார்."

"பதினாலு வருஷமா எழுதறீங்க. இப்பத்தான் தெரிஞ்சுதா?"

சுருக்கென்றது. என்னையறியாமல், "அப்ப என் பேர எடுத்துடுங்க," என்று கத்திவிட்டேன்.

முதலாளி குழப்பத்தோடு பார்த்தார். "உங்க பேர நாம எப்பவும் போட்டதே இல்லையே சார்."

உண்மைதான். "ஆசிரியர் குழு" என்றுதான் இருக்கும். அந்தக் குழு நான் ஒருவன்தான். வீராவேசம் வடிந்து இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

டாக்டர் முதலாளிக்குத் தொலைபேசினார். இருபது நிமிடம். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தேன். இரண்டாவது நிமிடத்தில் முதலாளி எழுந்து நின்றார். பத்தாவது நிமிடத்தில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நாலாம் அத்தியாயத்துல ஒரு எழுத்து மாறினாலும் படத்துக்கு அனுமதி கிடையாதாம். அது மட்டுமில்ல..." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "'நான் உயிரோடதான் இருக்கேன்'னு நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதி வச்சிருக்காங்களாம். அனுப்பவா வேணாமான்னு என்னையே கேக்கறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீங்க எழுதினதே இருக்கட்டும்னேன். வேற என்ன சொல்ல? அட்டையில இறந்த வருஷத்து மேல ஒட்ட ஸ்டிக்கர் அடிக்கச் சொல்லியாச்சு."

ஜூன் 10, செவ்வாய்

புத்தகம் வந்துவிட்டது. உள்ளே முதல் பக்கத்தில், பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக, எழுதியவர் என்று என் பெயர். அதில் ஓர் எழுத்துப் பிழை. பரவாயில்லை.

மனைவி நான்காம் அத்தியாயத்தை வகுப்பில் வாசித்தாளாம். சிரிப்பு அடங்கியதும் ஒரு மாணவி எழுந்து, "மிஸ், மத்த பதினோரு ஜாடியையும் கழுவாம விட்டிருந்தா, இது ஒண்ணு மட்டும் வித்தியாசமா இருக்குன்னு எப்படித் தெரிஞ்சிருக்கும்?" என்று கேட்டாளாம்.

டாக்டருக்கு உடனே தொலைபேசியில் சொன்னேன். கேள்வியை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு, "இது எனக்கே தோணலையே தம்பி," என்றார். "கழுவின பதினொண்ணும் சேர்ந்துதான் கண்டுபிடிப்பு. அந்தப் பொண்ணுகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க."

ஜூன் 18, புதன்

டாக்டர் சும்மா இருக்கவில்லை. ஐம்பத்தேழு வருடத்துக்கு முன் தன் கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழுக்குத் திருத்தம் அனுப்பியிருக்கிறார். அவர்களிடமிருந்து பதில் வந்ததாம்: இவ்வளவு காலம் கழித்து ஒரு திருத்தம் வருவது இதுவே முதல் முறை, இருந்தாலும் ஆதாரம் வேண்டும். நோட்டின் படங்களை நான்தான் அனுப்பினேன். மூன்று பக்கமும். என் கட்டைவிரலும் ஒரு படத்தில் விழுந்துவிட்டது.

செப்டம்பர் 9, செவ்வாய்

இரண்டு சட்டை எடுத்துவர பளிச்சுக்குப் போனேன். இப்போதெல்லாம் அங்கேதான் போடுகிறேன். வேறு எங்கே போட்டாலும் தெரிந்துவிடும்.

நாற்காலி இரண்டாகியிருந்தது. ஒன்றில் பளிச்சம்மா. இன்னொன்றில் டாக்டர், மடியில் காகிதக் கட்டோடு. செவ்வாயும் வெள்ளியும் வந்துவிடுகிறாராம். கறை எந்த மையென்று சொல்வதில் உதவியாம். "உதவியா? உபத்திரவம்," என்றார் பளிச்சம்மா, டீயை அவர் பக்கம் தள்ளிக்கொண்டே.

கல்லாவுக்குப் பின்னால், சுவரின் நடுவில், புதிதாக ஒரு சட்டம் மாட்டியிருந்தது. ஆய்விதழின் ஒரு பக்கம். மேலே பெரிய எழுத்தில் வேறு யாருடைய கட்டுரையோ. அடியில் எறும்பு வரிசை போல ஆங்கிலத்தில் நான்கு வரி. கண்ணாடியில் ஒரு விரல்தடம் இல்லை. கிட்டே போய்ப் படித்தேன்.

"திருத்தம்: ஐம்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் இவ்விதழில் வெளியான தானிய வண்டுக் கட்டுரையில் 'பணியாளரின் கவனக்குறைவால் கழுவப்படாத ஜாடி' என்பதை 'ஆய்வாளரின் கவனக்குறைவால் கழுவப்படாத ஜாடி' என்று திருத்தி வாசிக்கவும். ஆதாரம்: கழுவுமிடப் பதிவேடு, மூன்றாம் நோட்டு." அதற்குப் பக்கத்தில், பதிவேட்டை எழுதியவர் என்று, பளிச்சம்மாவின் முழுப்பெயர். பிழையில்லாமல்.

எனக்குப் பின்னால் நின்றிருந்த ஆள் மூட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு, சட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். மொழி புரியவில்லை போல.

"இதென்னம்மா, கடை லைசென்ஸா?" என்று கேட்டார்.

"ஆமா," என்றார் பளிச்சம்மா, அவருடைய சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி.